தோட்டமும் பூங்காவும்: கொழும்பு மாநகரின் பூங்காத் திட்டங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

1

இலக்கியத் திறனாய்வாளன் ஒரு நூலை எடுத்துக்கொண்டதும் அது யாரைப் பற்றியது, யாருக்காக எழுதப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புகின்றான். நகர அமைப்புத் திட்டமொன்றை நோக்குவோரும் இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. திட்டமும் ஓர் ஆக்கமே. அதற்கும் ஆசிரியர் உண்டு. அவர் மனத்திற்கொண்ட மக்கள் உண்டு. அவர் பேசாது விட்ட மக்களும் உண்டு. வீதி, துறைமுகம், சந்தை ஆகியன பற்றிய திட்டங்களிலே பொருளாதார நலன்கள் வெளிப்படையாகத் தெரிவன. பூங்காத் திட்டங்களிலோ அவை பசுமையின் பின்னே ஒதுங்கிவிடுகின்றன. மரம் நடுதலையும் புற்றரை அமைத்தலையும் எதிர்ப்பவர் அரியர். அதனாலேயே பூங்காத் திட்டங்கள் பிற திட்டங்களைப் போல விமரிசனத்துக்கு உட்படுவதில்லை எனலாம்.

கொழும்பு மாநகரிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் திடல்களும் பூங்காக்களும் அமைக்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் வந்துள்ளன. குடியேற்ற ஆட்சியினர் அமைத்தவை, சுதந்திரத்தின் பின் பெயர் மாற்றப்பட்டவை, 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபின் பெருவேகத்துடன் அழகுபடுத்தப்பட்டவை என இவற்றை வகைப்படுத்தலாம். இவற்றை ஆண்ட அரசுகள் வேறுபட்டன. பேசிய மொழிகளும் வேறுபட்டன. ஆயினும் இத்திட்டங்கள் அனைத்தினூடும் ஒரு வினா விடை காணப்படாமலே தொடர்கின்றது. பூங்கா பொதுமக்களுக்கு உரியது என்னும்போது அப்பொதுமக்கள் யாவர் என்பதே அவ்வினா.

2

இவ்வினாவுக்கு விடைதேடப் புகுவோர்க்கு மொழியே முதற் சான்றினைத் தருகின்றது. கொழும்பின் மிகவுயர்ந்த செல்வர் வாழும் பகுதி கறுவாத்தோட்டம் எனப்படும். கறுவா பயிரிடப்பட்ட நிலமாதலின் அப்பெயர் பெற்றது. அதே நகரில் உழைப்பாளர் நெருங்கி வாழும் குடியிருப்புகளும் தமிழர் பேச்சில் 'தோட்டம்' என்றே வழங்குகின்றன. சிங்களத்தில் 'வத்த' என்னும் சொல்லும் இவ்வாறே இருபொருள் படுவது. ஒரே சொல் நகரின் அதியுயர்ந்த நிலையையும் அதிதாழ்ந்த நிலையையும் குறிப்பது தற்செயலன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புத் துறைமுகம் விரிவடைந்தது. 1875 இல் தொடங்கப்பெற்ற அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவேறியது. அதுகாறும் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை போன்ற வடபகுதிகளில் வாழ்ந்த செல்வக் குடும்பங்கள் துறைமுகத்தின் இரைச்சலையும் புழுதியையும் விட்டுத் தெற்கே கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தன. அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகளின் தோட்டங்களிலே துறைமுகத் தொழிலாளருக்கும் பண்டகசாலைத் தொழிலாளருக்கும் வரிசை அறைகள் கட்டி வாடகைக்கு விடப்பட்டன. மரங்கள் நின்ற இடத்தில் மனிதர் நெருங்கினர். பெயர் மட்டும் தோட்டமாகவே எஞ்சியது. இந்தியாவிலிருந்து வந்த தமிழ், மலையாளத் தொழிலாளரும், முஸ்லிம்களும், கிராமங்களை விட்டு வந்த சிங்களவரும் ஒரே நீர்க்குழாயைச் சூழ்ந்து வாழ்ந்த இடங்கள் இவை. ஆகவே கொழும்பின் பூங்கா வரலாறு என்பது தோட்டம் இழக்கப்பட்ட வரலாற்றுடன் பிணைந்ததாகும். தெற்கே ஒரு வர்க்கத்துக்குத் தோட்டம் கிடைத்த காலத்திலேயே வடக்கே மற்றொரு வர்க்கத்துக்குத் தோட்டம் என்பது வெறும் பெயராயிற்று.

பழந்தமிழ் மரபிலும் இத்தகைய வேறுபாடு காணப்படுவது நோக்கற்பாலது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிலே புகார் நகரத்துச் சோலைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. இலவந்திகை அரசனைச் சார்ந்தோர் இருக்கும் இடமாதலின் விலக்கப்படுகின்றது. உய்யானம் பூதங் காக்கும் இடமாதலின் விலக்கப்படுகின்றது. இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை கூறப்பட்டு, இறுதியில் உவவனம் ஒன்றே மணிமேகலை சென்று மலர் கொய்வதற்கு உரியதாக எஞ்சுகின்றது. நகரிற் சோலைகள் பல இருத்தல் வேறு, ஒருவர் அஞ்சாது புகத்தக்க சோலை இருத்தல் வேறு என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். காவியத்தின் உய்யானமும் இன்று கொழும்பிலே பூங்காக்களுக்கு இடப்படும் 'உயன' என்னும் சிங்களச் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. இதற்கு மாறாக, சங்க இலக்கியங்கள் கூறும் மன்றம் மரநிழலில் ஊரவர் யாவரும் கூடும் இடமாகும். அங்கே கூடுவதற்கு எவரது அனுமதியும் வேண்டப்படவில்லை. காவலுக்குட்பட்ட சோலை, ஊர்க்குப் பொதுவான மன்றம் என்னும் இவ்விரு கருத்துகளையும் அளவுகோலாகக் கொண்டு கொழும்பின் பூங்காக்களை ஆராயலாம்.

3

காலி முகத்திடல் முதலில் அழகுக்காக அமைக்கப்பட்டதன்று. கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பு எதுவும் இல்லாதிருத்தல் வேண்டும் என்பதற்காக ஒல்லாந்தர் வெறுமையாக வைத்திருந்த நிலம் அது. ஆங்கிலேயர் காலத்திற் குதிரைப் பந்தயத்துக்கும் பிற விளையாட்டுகளுக்கும் பயன்பட்டது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவேற்றிய கடலோர நடைபாதை கொழும்பின் சீமாட்டிகளதும் குழந்தைகளதும் நலன்கருதிப் பின்வருவோர் பேணுமாறு கல்லிற் பொறித்து ஒப்படைக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆயின் அக்காலத்து மாலைவேளைகளிற் குதிரை வண்டியிற் சென்று கடற்காற்று வாங்கிய சீமாட்டிகளுள், கொட்டாஞ்சேனை வரிசை அறைகளில் வாழ்ந்த பெண்கள் எண்ணப்பட்டிருப்பர் எனக் கொள்ளல் அரிது.

விக்ரோறியாப் பூங்காவின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்திலே 1833 இற் பாராளுமன்றத் தெரிவுக்குழுவொன்று தொழிலாளர் நிறைந்த நகரங்களிற் பொது நடைவெளிகள் இல்லாமையை ஆராய்ந்தது. இலண்டனின் கிழக்குப் பகுதி மக்கள் முப்பதினாயிரம் பேர் ஒப்பமிட்ட மனுவொன்றை அரசியிடம் அளித்தனர். அதன் பயனாகத் தொழிலாளர் வாழும் பகுதியிலேயே 1845 இல் விக்ரோறியாப் பூங்கா திறக்கப்பட்டது. ஆளும் வர்க்கத்தின் அச்சமும் அதற்குக் காரணமாயிற்று. தொற்றுநோயும் கிளர்ச்சியும் தம் வாயிலுக்கு வாராதிருக்கத் தொழிலாளருக்கு நல்ல காற்று வேண்டும் என அது கருதியது. எனினும் பூங்கா தேவைப்பட்ட இடத்தில் அமைந்தது. அதே அரசியின் பெயரைத் தாங்கிய கொழும்புப் பூங்காவோ, வீட்டுக்கு வீடு தோட்டம் உடைய கறுவாத்தோட்டத்தில் அமைந்தது. தோட்டமுடையோர்க்கு மேலும் ஒரு தோட்டம் கிடைத்தது. பெயரும் வடிவமும் இறக்குமதியாயின. அவற்றைத் தோற்றுவித்த மக்கள் கோரிக்கை இறக்குமதியாகவில்லை.

சுதந்திரத்தின் பின் அப்பூங்கா துட்டகைமுனுவின் தாயாகிய விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது. ஆங்கில அரசியின் பெயர் நீங்கியமை தேசிய உணர்வின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் தேசியம் யாரை உள்ளடக்கியது என்னும் வினா உடனெழுகின்றது. பல இன மக்கள் வாழும் தலைநகரின் முதன்மையான பூங்காவுக்கு எல்லாளனை வென்றவனின் தாய் பெயராகும்போது, அப்பூங்காவிற் புகும் தமிழ்ச் சிறுவனுக்கு வரலாறு ஒரு பக்கமிருந்தே சொல்லப்படுகின்றது. பெயர் மாறியதேயன்றிப் பூங்காவின் இடமோ அதன் சுற்றுப்புறத்தின் வர்க்க நிலையோ மாறவில்லை.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. தேசாதிபதி ஆதர் கோர்டன், விக்ரோறியா அரசியின் பொன்விழாவை நினைவுகூரக் கோட்டைப் பகுதியில் 1889 இல் தோட்டமொன்றை அமைத்தார். ஒரு காலத்தில் மக்கள் உலாவிய அத்தோட்டம் பிற்காலத்திற் சனாதிபதி மாளிகையின் பாதுகாப்பு எல்லைக்குள் அடங்கிவிட்டது. குடியேற்றவாதி திறந்துவிட்ட தோட்டத்தைக் குடியரசு மூடிக்கொண்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. ஏகாதிபத்தியத்தைக் கண்டிப்பதனால் மட்டும் பொதுவிடங்கள் பொதுவாகிவிடுவதில்லை.

4

கொழும்பைக் கீழைத்தேயத்தின் தோட்ட நகராக்கும் கனவு பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரின் 1921 ஆம் ஆண்டு அறிக்கையுடன் தொடர்புபடுத்திப் பேசப்படுவது வழக்கம். அண்மைக்கால அழகுபடுத்தலை ஆதரிப்போரும் இக்கனவை அடிக்கடி நினைவூட்டுவர். ஆதலின் அதன் உள்ளடக்கத்தை ஆராய்தல் தகும்.

தோட்ட நகர் என்னும் கருத்தை 1898 இல் முன்வைத்த எபனேசர் ஹவார்ட், மரங்களை மட்டும் கருதியவரல்லர். நகரின் நிலம் முழுவதும் அங்கு வாழ்வோரின் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும், நகர் வளர நிலத்தின் பெறுமதி உயரும்போது அவ்வுயர்வு சமூகத்துக்கே சேர்தல் வேண்டும் என்பதே அவர் கொள்கையின் அடித்தளம். கொழும்பிலே தோட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது. நிலவுடைமை பற்றிய கொள்கை கைவிடப்பட்டது. அடித்தளம் நீங்கிய பின் எஞ்சியது சாலையோர மரவரிசையும் அழகிய சொற்றொடருமே.

கெடிசின் சிந்தனையும் இவ்வாறே குறுக்கப்பட்டது. கொழும்புக்கு வருமுன் அவர் சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைப் பார்வையிட்டு 1915 இல் அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியைப் பற்றிய அறிக்கையில், பழைய குடியிருப்புகளை ஊடறுத்து நேரிய அகன்ற வீதிகளை அமைக்கும் திட்டத்தை அவர் மறுத்தார். நோயறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும். உறுப்பைக் காக்கும் சத்திர சிகிச்சை போல, முற்றாகச் சிதைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களை மரநிழலும் சிறு வெளியும் உடையனவாக்கி, ஏனைய வீடுகளையும் அவற்றில் வாழ்வோரையும் அங்கேயே நிலைபெறச் செய்தல் வேண்டும் என்பது அவர் முறை. அதாவது, குடியிருப்பை அகற்றிப் பூங்கா அமைப்பதன்று. குடியிருப்பின் நடுவே குடியிருப்போருக்காகச் சிறுவெளி அமைப்பது. அச்சிறுவெளி தமிழூரின் மன்றத்துக்கு மிக அணித்தானது. கெடிசின் பெயரைச் சொல்லிப் பெருந்தொகையான மக்களை இடம்பெயர்ப்போர், அவர் எதிர்த்த மருத்துவத்தையே அவர் பெயராற் செய்கின்றனர் எனல் மிகையன்று.

1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது கொழும்பின் குடிசைப் பகுதிகள் சிலவற்றில் இம்முறைக்கு நெருங்கிய முயற்சியொன்று நிகழ்ந்தது. சமுதாய அபிவிருத்திச் சபைகளின் வாயிலாக அங்கு வாழ்ந்தோரே உத்தியோகத்தருடன் அமர்ந்து, காணித் துண்டின் அளவு, பாதையின் அகலம், பொதுவிடத்தின் அமைவு ஆகியவற்றைத் தீர்மானித்தனர். குறைபாடுகள் பல இருந்தன. கட்சி அரசியலின் தலையீடும் இருந்தது. எனினும் வறியோர் தம் சுற்றாடலைத் திட்டமிட வல்லார் என்பதை அம்முயற்சி நிறுவிற்று. பின்வந்த திட்டங்கள் அப்பாடத்தைத் தொடர்ந்து கற்கவில்லை.

5

1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 இற் பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன் பின்னான ஐந்தாண்டுகளிற் கொழும்பின் தோற்றம் பெரிதும் மாறியது. அரச கட்டடங்கள் பலவற்றின் சுற்றுமதில்கள் அகற்றப்பட்டன. சுதந்திர சதுக்கத்தைச் சூழ நடைபாதைகள் அமைந்தன. தியவன்னா ஓயாவின் கரையில் தியத்த உயன தோன்றியது. இவற்றின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. காவலரண்களும் முட்கம்பிகளும் நிறைந்திருந்த நகரில், மாலைவேளையிற் குடும்பத்துடன் நடக்க ஓர் இடம் கிடைத்தமை சாதாரண மக்களுக்கும் ஆறுதலாயிற்று. கட்டணமின்றிப் புகத்தக்க இடங்களிற் பேருந்தில் வந்திறங்கும் தொழிலாளர் குடும்பங்களையும் காணலாம்.

ஆயினும் இதே காலத்தில் இதே அதிகார சபை நிறைவேற்றிய மற்றொரு திட்டத்தையும் இதனுடன் சேர்த்தே படித்தல் வேண்டும். கொழும்பு நகரிற் போதிய வசதியற்ற குடியிருப்புகளில் 68,000 இற்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழ்வதாகவும், அவை ஏறத்தாழ 900 ஏக்கர் நிலத்தில், அதாவது நகரின் பரப்பில் 9 வீதமளவில் அமைந்துள்ளதாகவும் அதிகார சபை கணக்கிட்டது. குடும்பத்துக்கு நால்வர் எனக் கொள்ளினும் இத்தொகை 2 இலட்சத்து 70 ஆயிரத்தைக் கடக்கும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நகரின் சனத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம். எனவே நகர மக்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் பத்திலொரு பங்குக்கும் குறைவான நிலத்தில் வாழ்கின்றனர் என்பதே இப்புள்ளிவிவரத்தின் பொருள். இதனைப் படிப்போர், அம்மக்களுக்கு மேலும் நிலம் வேண்டும் என்னும் முடிவுக்கே வருவர். திட்டமோ அந்த 900 ஏக்கரும் வணிகப் பெறுமதி வாய்ந்தவை, அவற்றை 'விடுவித்து' முதலீட்டுக்கு அளித்து, மக்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றலாம் என்னும் முடிவுக்கு வந்தது.

'விடுவித்தல்' என்னும் இச்சொல் ஆராயத்தக்கது. வடக்கிலே காணி விடுவிப்பு என்பது படையினர் வசமிருந்த நிலம் மக்களிடம் மீள்வதைக் குறிக்கும். கொழும்பிலே அச்சொல் மக்கள் வசமிருந்த நிலம் அதிகாரத்திடம் செல்வதைக் குறிக்கின்றது. ஒரே நாட்டில் ஒரே சொல் எதிரெதிர்த் திசைகளிற் பயணம் செய்கின்றது. 2010 மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, நகர அழகின் பின்னாலுள்ள வலிமை வெளிப்படையாயிற்று.

இடம்பெயர்க்கப்பட்டோருக்கு வனாத்தமுல்ல, தெமட்டகொட முதலிய இடங்களில் ஏறத்தாழ 400 சதுர அடி கொண்ட வீடுகள் அடுக்குமாடிகளில் வழங்கப்பட்டன. அவ்வடுக்குமாடிகள் சிலவற்றின் பெயர்கள் மெத்சர உயன, சிரிசர உயன என்பன. 'உயன' என்றால் பூங்கா. தோட்டம் என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியே நூறாண்டின் பின் உயன என்னும் சொல்லுக்கும் நேர்ந்துள்ளது. முன்னைய குடியிருப்பில் வாசற்படியும் முடுக்கும் வீட்டின் நீட்சியாக விளங்கின. பெண்கள் அப்பம் சுட்டு விற்றதும், முதியோர் அமர்ந்து பேசியதும், சிறுவர் பந்தடித்ததும் அங்கேதான். பத்தாம் மாடியின் ஒடுங்கிய நடையில் இவற்றுள் ஒன்றும் எளிதன்று. முடுக்கு என்பது வரைபடத்திற் பொதுவெளியாகக் காட்டப்படாததால், அதன் இழப்பும் கணக்கிற் சேர்வதில்லை.

கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட துறைமுக நகர் இதன் மறுபக்கமாகும். 2014 செப்ரெம்பரில் தொடங்கிய அத்திட்டத்தின் பரப்பு 269 ஹெக்டயர். இதில் 91 ஹெக்டயர் வீதி, பூங்கா, கடற்கரை உள்ளிட்ட பொது வெளிக்கென ஒதுக்கப்பட்டது. விற்பனைக்கும் குத்தகைக்கும் உரிய நிலத்தின் விலையை உயர்த்துவதிற் பூங்காவுக்குள்ள பங்கினை முதலீட்டாளர் நன்கறிவர். இல்லாத நிலத்தைப் படைத்துப் பூங்கா அமைக்க வல்ல தொழில்நுட்பம், இருக்கும் முடுக்கில் ஒரு மரமும் இரு வாங்கும் அமைக்க ஏன் முன்வரவில்லை என்னும் வினா பொறியியல் சார்ந்ததன்று. அரசியற் பொருளாதாரம் சார்ந்தது.

6

அண்மைக்காலத் திட்டங்களுட் பெரிதும் பாராட்டத்தக்கது ஈரநிலங்களைப் பூங்காக்களாகப் பேணும் முயற்சியாகும். 2010 நவம்பர் மழையிற் கொழும்பும் சுற்றுப்புறமும் நீரில் மூழ்கின. பாராளுமன்றத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. சதுப்பு நிலங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்பியதன் விளைவு ஆட்சியாளர் வாயிலிலேயே தெரிந்தது. 2012 இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடனளித்த கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டம் வெள்ளத் தடுப்பை முதன்மை நோக்கமாகக் கொண்டது. பெத்தகான ஈரநிலப் பூங்கா அதனுள் அடங்கும். சதுப்பு நிலம் மழைநீரைத் தன்னுள் ஏற்று மெல்ல விடுவிக்கும், வெப்பத்தைத் தணிக்கும், பறவைக்கும் மீனுக்கும் உறைவிடமாகும். 2018 ஒக்ரோபரில் றாம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதல் ஏற்கப்பட்ட பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. அழகுக்காக அன்றிப் பயனுக்காக நிலத்தை அதன் இயல்பில் விடும் இக்கொள்கை, முன்னைய புற்றரைப் பண்பாட்டிலிருந்து வேறுபட்டது.

ஆயினும் அதே ஈரநிலங்களின் மற்றோர் ஓரத்தில் மீதொட்டமுல்ல இருக்கின்றது. நகரின் நடுப்பகுதி தூய்மையாகத் தோன்ற, அதன் குப்பை கொலன்னாவைப் பகுதியின் வறியோர் குடியிருப்பு அருகே மலையாகக் குவிந்தது. அங்கு வாழ்ந்தோர் பலகாலம் ஆர்ப்பாட்டம் செய்தும் பயனிருக்கவில்லை. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அக்குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விடத்தைப் பூங்காவாக்கும் திட்டம் பின்னர் அறிவிக்கப்பட்டது. மக்கள் உயிருடன் கேட்டபோது கிடைக்காத பூங்கா, அவர்கள் மாண்டபின் திட்டமாக வந்தது. நகரின் தூய்மையும் பசுமையும் ஓரிடத்தில் மிகும்போது அதன் கழிவு எங்கே செல்கின்றது என்பதையும் பூங்காத் திட்டத்தின் ஓர் அத்தியாயமாகவே எழுதுதல் வேண்டும்.

7

பொதுவெளியின் அரசியல் காலி முகத்திடலிற் போல வேறெங்கும் தெளிவாகத் தெரிவதில்லை. 1956 யூன் 5 ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டமூலத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் அத்திடலில் அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். எதிரே பாராளுமன்றம் கூடியிருக்க, அவர்கள் குண்டர்களால் தாக்கப்பட்டனர். திடல் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆயின் தமிழருக்கு அங்கு அமர்ந்திருக்கும் உரிமை காக்கப்படவில்லை. இதன் தொடர்ச்சியாகவே பின்னைய நிகழ்ச்சிகளை நோக்கல் வேண்டும். 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300 இற்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது நிறுத்தப்பட்டது. நகரில் இருக்கும் உரிமையே ஐயத்துக்குரியதான மக்களுக்கு, நகரின் பூங்காவில் இருக்கும் உரிமை எங்ஙனம் உறுதியாகும்?

2022 ஏப்ரல் 9 ஆம் திகதி முதல் அத்திடலிற் கூடிய மக்கள், பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பான ஆட்சி நீங்க வேண்டும் எனக் கோரினர். அங்கே நூலகம் தோன்றியது, சமையற்கூடம் தோன்றியது, வகுப்புகள் நிகழ்ந்தன. எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து கொடுக்காத ஓர் ஊர் புற்றரையில் எழுந்தது. 1956 இற் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்ட அதே பகுதியில், 2022 மே 18 ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தோர் கஞ்சி வழங்கி நினைவுகூரப்பட்டனர். சிங்கள இளைஞரும் அதிற் பங்குகொண்டனர். போராட்டத்தின் வரம்புகளும் தமிழர் பலர் அதனை ஐயத்துடன் நோக்கியமையும் மறுக்கத்தக்கனவல்ல. எனினும் அறுபத்தாறு ஆண்டுகளில் முதற்றடவையாக அத்திடல் மன்றத்தின் இயல்பை ஒருகணம் பெற்றது எனலாம். யூலை 22 ஆம் திகதி அதிகாலையிற் படையினர் அதனை அகற்றினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் திட்டமிடுவோர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. பூங்காவின் பயன் அதனை வரைந்தவரின் எண்ணத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. சீமாட்டிகள் உலாவ அமைத்த இடத்திலே பட்டம் விடுவோரும், இறால் வடை விற்போரும், காதலரும், போராளிகளும் வந்து சேர்ந்தனர். நடைப்பயிற்சிக்கு மட்டும் உரியதென வரையப்பட்டு, அமர்தல், உறங்குதல், விற்றல், கூடுதல் யாவும் காவலரால் தடுக்கப்படும் இடம் பூங்காவின் தோற்றத்தை உடையதாயினும் காவற்சோலையே.

8

மேற்கூறியவற்றால், பூங்காத் திட்டங்களை மதிப்பிடுதற்கு ஏக்கர்க் கணக்கும் நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கையும் போதியனவல்ல என்பது பெறப்படும். மூன்று அளவுகோல்களை முன்வைக்கலாம்.

முதலாவது, இடம். வீட்டிலே தோட்டமுடையோர் வாழும் பகுதியில் இருக்கும் பூங்காவை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பதிலும், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, புளூமெண்டால், வனாத்தமுல்ல போன்ற பகுதிகளில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடந்து செல்லும் தூரத்தில் ஒரு சிறுவெளி அமைப்பதே முதன்மை பெறுதல் வேண்டும். பெருந் தொடர்மாடிகள் எழும் இடங்களில் அவற்றின் நிலத்தளத்திலேயே மரநிழலும் விளையாட்டிடமும் திட்டத்தின் இன்றியமையாப் பகுதியாதல் வேண்டும்.

இரண்டாவது, தீர்மானிக்கும் உரிமை. மக்கள் தெரிவுசெய்த மாநகர சபைக்கும், மையத்திலிருந்து ஆளும் அதிகார சபைக்கும் இடையே பூங்காக்களின் பொறுப்பு பகிரப்பட்டுள்ளமையால், எவரிடம் முறையிடுவது என்பதையே சாதாரண குடிமகன் அறியான். 1980 களின் சமுதாய அபிவிருத்திச் சபைகள் காட்டிய வழியில், அயலில் வாழ்வோர் வரைபடத்தின் முதற்கோட்டிலிருந்தே பங்குபற்றுதல் வேண்டும். அறிவித்தற்பலகையில் தமிழ் பிழையின்றி எழுதப்படுதலும் இவ்வுரிமையின் ஒரு பகுதியே. தன் மொழி சிதைந்து கிடக்கும் இடத்தை ஒருவர் தமதெனக் கருதுவது எங்ஙனம்?

மூன்றாவது, பயன்பாடு. கடலை விற்கும் முதியவர் பூங்காவின் அழகைக் கெடுப்பவரல்லர். அதன் வாழ்வின் ஓர் உறுப்பாவார். தூய குடிநீர், மலசலகூடம், இரவிற் பெண்கள் அஞ்சாது செல்லத்தக்க ஒளி, முதியோர் அமர வாங்கு, நிழல்தரும் மரம் ஆகியன அலங்காரத் தடாகத்துக்கு முன் வைக்கப்படல் வேண்டும். ஈரநிலப் பூங்காக்கள் சிலவற்றில் அறவிடப்படும் நுழைவுக் கட்டணமும் நாட்கூலி பெறும் குடும்பத்தின் கண்கொண்டு மறுபடி நோக்கப்படல் வேண்டும்.

இவை பெருஞ்செலவை வேண்டுவனவல்ல. இவற்றைத் தடுப்பது பணப்பற்றாக்குறை மட்டுமன்று. நகரின் உழைப்பாளரைப் பொதுமக்களாக எண்ணாது, அகற்றப்பட வேண்டிய காட்சியாக எண்ணும் மனப்பாங்கே முதன்மைத் தடையாகும். இரு நூற்றாண்டுகளிலும் தோட்டங்களை இழந்தோர் அவர்களே. கொழும்பு தோட்ட நகராதல் வேண்டும் என்னும் குரல் இனியும் எழும்போது, அத்திட்டத்தின் முதற்பக்கத்திலே தோட்டத்து மக்களின் பெயர் இருக்கின்றதா என நோக்கிய பின்னரே அதனைப் பாராட்டுதலும் மறுத்தலும் முறையாகும்.